கழுவியும் போகாத சாம்பல்: திருமங்கலம் பக்கத்து ஆலை ஒன்றின் நிலக்கரி குறித்த நிகழ்வு ஆய்வு

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்தைத் தாண்டிய கரிசல் நிலத்தில் இயங்கிவரும் ஒரு சிறிய அட்டைக் காகித ஆலை, தன் கொதிகலனுக்கு இரண்டு வகை நிலக்கரியை மாற்றி மாற்றி வாங்கி வந்தது. ஒன்று, ஒடிசாவின் தால்சேர் வயலில் வெட்டப்பட்டு, பாராதீப் துறைமுகத்தில் கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கி, வணிகர் வழியாக லாரியில் வந்து சேர்வது. மற்றொன்று இந்தோனேசியாவிலிருந்து இறக்குமதியாவது. ஒடிசாக் கரியில் சாம்பல் 40 விழுக்காட்டை ஒட்டி நின்றது. இந்தோனேசியக் கரியில் அது ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. விலை இதற்கு நேர்மாறாக இருந்தது. ஆகவே, விலை குறைந்த கரியை ஆலை வளாகத்திலேயே கழுவி, அதன் சாம்பலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள இயலுமா என்பதே நிர்வாகம் எங்கள் முன் வைத்த கேள்வி.

இந்த எண்ணம் அவர்களுக்கு ஐப்பசி மழையில் பிறந்தது. திறந்தவெளியில் குவித்திருந்த கரியின்மேல் மழை கொட்டியபோது சாம்பல் நிறத்தில் சேறு வழிந்தோடியதையும், மறுநாள் கட்டிகள் பளபளவென்று கறுத்துக் கிடந்ததையும் பார்த்த மேலாளர், மழை செய்வதைத் தொட்டி செய்யாதா என்று கருதினார். இரும்பு வலைக் கூடையில் கரியை அள்ளி, நீர்த்தொட்டியில் முக்கிக் கலக்கி எடுத்தார்கள். கட்டிகள் சுத்தமாகவே தோன்றின. ஆனால் உலர்த்திய பின் சோதித்தபோது சாம்பல் அளவு பெயரளவுக்குத்தான் இறங்கியிருந்தது. தொட்டி நீரோ இரவு முழுவதும் தெளியாமல் கஞ்சி போலக் கலங்கியே நின்றது. படிகாரம் போட்ட பிறகுதான் ஓரளவு தெளிந்தது. அப்படித் தெளிந்து அடியில் படிந்த சேற்றோடு நல்ல கரித்தூளும் கணிசமாகப் போய்விட்டிருந்தது.

சாம்பல் என்பது எரித்த பின் மிஞ்சும் எச்சமே தவிர, கரிக்குள் முன்பிருந்த பொருள் அன்று. ஆய்வகத்தில் 815 பாகை செல்சியஸில் எரித்து நிறுக்கும்போது, களிமண்ணை ஆக்கும் களிமக் கனிமமான கயோலினைட் தன் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டை நீராக இழக்கிறது. சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் 44 விழுக்காட்டைக் கரியமில வாயுவாக இழக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட், இரும்பு ஆக்சைடாக மாறி மூன்றில் ஒரு பங்கு எடையைத் தொலைக்கிறது. இதனால்தான் சாம்பலை 1.08-ஆலும் கந்தகத்தை 0.55-ஆலும் பெருக்கிக் கூட்டி, கனிமத்தின் உண்மை அளவை மதிப்பிடும், பார் (Parr) என்பவர் பெயரிலான சூத்திரம் வழக்கிலிருக்கிறது. 40 விழுக்காடு சாம்பலும் அரை விழுக்காடு கந்தகமும் உள்ள கரியில், அக்கணக்கின்படி ஏறக்குறைய 43.5 விழுக்காடு கனிமம் இருக்கிறது. ஆனால் கழுவுவதைப் பொறுத்தவரை இந்த அளவுகூட இரண்டாம்பட்சமே. அந்தக் கனிமம் எது, எவ்வளவு நுண்ணியது, கரிக்குள் எங்கே அமர்ந்திருக்கிறது என்ற மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. அரிசியில் கிடக்கும் கல்லை அரித்து எடுத்துவிடலாம். அந்தக் கல்லையும் சேர்த்து அரைத்துவிட்ட மாவிலிருந்து எடுக்க முடியாது. இரண்டிலும் கல்லின் எடை ஒன்றே.

மாதிரியும் சல்லடையும்

குவியலின் மேற்பரப்பிலிருந்து மட்டும் அள்ளினால் மாதிரி ஏமாற்றும். பெருங்கட்டிகள் சரிந்து அடிவிளிம்புக்கு வந்துவிடும், தூள் நடுவில் தங்கிவிடும். ஆகவே லாரி இறக்கும்போதே இடைவெளி விட்டு விட்டு எடுத்துச் சேர்த்து, கூம்பாகக் குவித்து நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் பழைய முறையில் அளவைக் குறைத்தோம். இதே முறையில், களத்தில் ஏற்கெனவே கிடந்த குவியலிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்தோம். இந்த இரண்டாவது மாதிரியின் தேவை அப்போது நிர்வாகத்துக்கு விளங்கவில்லை. பின்னர் அதுவே வழக்கின் முக்கியமான சாட்சியாயிற்று.

சல்லடையில் பிரித்தபோது, 0.5 மி.மீ.க்குக் கீழான தூளில் சாம்பல் கட்டிகளைவிடக் கூடுதலாக இருந்தது. இது எதிர்பார்த்ததே. களிமக் கனிமங்கள் மென்மையானவை. ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் அவை முதலில் நொறுங்கித் தூளாகின்றன. எதிர்பாராதது, லாரி மாதிரியின் தூளுக்கும் களத்து மாதிரியின் தூளுக்கும் இடையே இருந்த வேறுபாடு. களத்துத் தூளில் சாம்பல் தெளிவாகவே அதிகம்.

மிதப்பும் அமிழ்வும்

கரியின் கழுவுதிறனை அறிய மிதப்பு-அமிழ்வு சோதனையைவிட நம்பகமான வழி இன்றும் இல்லை. இந்தியாவில் இதற்கு ஐ.எஸ். 13810 என்ற தரநெறி உண்டு. நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டு, அடர்த்தி 1.4, 1.5, 1.6, 1.7, 1.8 என ஏறுவரிசையில் கரைசல்களைத் தயாரித்து, கரியை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றில் இட்டு, ஒவ்வொன்றிலும் மிதந்ததை எடுத்து உலர்த்தி நிறுத்துச் சாம்பல் பார்க்க வேண்டும். நாங்கள் துத்தநாகக் குளோரைடுக் கரைசலைப் பயன்படுத்தினோம். மலிவானது, எளிதில் கிடைப்பது. ஆனால் அது நீர்க்கரைசல் என்பதால் களிப்பாறைத் துண்டுகள் அதில் ஊறிக் கரைந்து சேறாகும். அப்போது அமிழ வேண்டியது தொங்கிக்கொண்டு நின்று முடிவைக் குழப்பும். பெர்குளோரோஎத்திலீன், புரோமோபார்ம் போன்ற கரிமத் திரவங்களில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் ஆவி நச்சு என்பதால் நல்ல காற்றோட்ட வசதி இல்லாத இடத்தில் அவற்றைத் திறப்பதை நான் ஒப்புவதில்லை. துண்டுகளைக் கரைசலில் நெடுநேரம் விடாமல் விரைந்து பிரித்ததால் குழப்பத்தை ஓரளவு தவிர்க்க முடிந்தது.

முடிவு நிர்வாகத்துக்கு உவப்பானதாக இல்லை. எளிதாகக் கழுவக்கூடிய கரியென்றால் பெரும்பகுதி 1.4-க்குக் கீழே மிதந்துவிடும், மிச்சம் 1.8-க்கு மேலே அமிழ்ந்துவிடும், இடையில் ஏறக்குறைய வெறுமை இருக்கும். இந்தக் கரியிலோ 1.4-க்கும் 1.7-க்கும் இடைப்பட்ட ஒவ்வொரு படியிலும் கணிசமான எடை பரவிக் கிடந்தது. பிரிக்கும் அடர்த்திக்கு 0.1 மேலும் கீழுமாக நிற்கும் பகுதியை அடர்த்தியண்மைப் பொருள் என்பர். 1931-இல் பேர்ட் (Bird) என்ற ஆய்வாளர் வகுத்த அளவுகோலின்படி அது 7 விழுக்காட்டுக்குள் இருந்தால் கழுவுவது எளிது. 10 முதல் 15 வரை கடினம். 25-ஐத் தாண்டினால் மலைக்க வைப்பது. 1.5 என்ற அடர்த்தியில் வெட்டிப் பிரிக்க நினைத்தால் இந்தக் கரி அந்தக் கடைசி வகுப்பில்தான் விழுந்தது. தால்சேர் உள்ளிட்ட இந்தியாவின் பழமையான கோண்டுவானாப் பாறையடுக்குகளின் கரிகளை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

ஆலையின் கொதிகலன் பணியாளர் ஒருவர் இதைத் தம் கையனுபவத்தில் ஏற்கெனவே அறிந்திருந்தார். "கையில எடுத்தாலே தெரியும் சார், கனத்தா கல்லு, லேசா இருந்தா கரி. ரெண்டுங்கெட்டானா கெடக்குறதுதான் புடிபட மாட்டேங்குது" என்றார். அந்த இரண்டுங்கெட்டான் எப்படி உருவாகிறது என்பதைக் கணக்காகவே காட்டலாம். தூய கரியின் அடர்த்தி 1.30 என்றும் கயோலினைட்டின் அடர்த்தி 2.6 என்றும் கொள்வோம். எடையில் 10 விழுக்காடு கயோலினைட் கலந்த துண்டின் அடர்த்தி 1.37, 20 விழுக்காடு என்றால் 1.44, 30 என்றால் 1.53, 40 என்றால் 1.63, பாதிக்குப் பாதி கலந்தால் 1.73. அதாவது கனிமம் 20-லிருந்து 40 விழுக்காடாக இரட்டிப்பானாலும் அடர்த்தி 0.2-க்கும் குறைவாகவே மாறுகிறது. எந்தக் கழுவும் இயந்திரமும் கத்தி வைத்தாற்போல வெட்டுவதில்லை. மாக்னடைட் என்ற கனத்த இரும்புத் தாதுவின் தூளை நீரில் கலந்து சுழலவிடும் அடர் ஊடகச் சூறாவளிக் கலன் ஓரளவு கூர்மையாக வெட்டும், நீரைத் துடிக்கவிட்டு அடுக்குப் பிரிக்கும் ஜிக் அதைவிட மழுங்கலாக வெட்டும், ஆலையில் வைத்திருந்த தொட்டி வெட்டவே வெட்டாது.

எந்தக் கனிமம், எங்கே

தால்சேர்க் கரி பெர்மியன் காலத்தது. 25 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. தாவரச் சிதைவுகள் ஆற்று நீரால் அடித்து வரப்பட்டு, வண்டலோடும் களியோடும் சேர்ந்தே படுகைகளில் படிந்தன என்பது நிலவியலார் பெரும்பாலோர் கொள்கை. அதனால் கனிமம் தனி அடுக்காக ஒதுங்காமல் கரியின் உடலுக்குள்ளேயே தூவப்பட்டிருக்கிறது. மெருகேற்றிய துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால், பழைய மரத்தின் செல் அறைகள் அப்படியே தெரியும். அவற்றில் பல, சில மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ள களிமத் துகள்களால் நிரம்பியிருக்கும். கரியை 0.5 மி.மீ. அளவுக்கு உடைத்தாலும் அந்தத் துகளைவிட அது நூறு மடங்கு பெரியது. உடைத்து விடுவிப்பது என்ற வழி இங்கே பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கிறது.

மற்றக் கனிமங்கள் இவ்வளவு பிடிவாதக்காரர்கள் அல்ல. கால்சைட், கரியின் இயற்கையான வெடிப்புகளில் மெல்லிய வெள்ளைத் தகடாகப் படிந்திருப்பதால், கரி அதே வெடிப்பில் உடையும்போது தானே உதிர்கிறது. சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட்டின் அடர்த்தி 4-ஐ ஒட்டியது. முடிச்சாக இருந்தால் எந்த முறையிலும் அமிழும். பைரைட்டின் அடர்த்தி 5. தால்சேர்க் கரியில் கந்தகமே குறைவு என்பதால் அது பற்றி நீட்ட வேண்டியதில்லை. அசாம் கரிகளில் கந்தகம் மிகுதி என்றாலும் அதில் பெரும்பங்கு கரிமப் பொருளோடு வேதிப்பிணைப்பில் இருப்பதால், கழுவுதல் அதைத் தொடாது.

குவார்ட்ஸைப் பற்றி ஒரு சொல். அதன் அடர்த்தி களிமத்தை ஒத்தது, ஆகவே கழுவுகையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் நடந்துகொள்கின்றன. ஆனால் அதன் கடினம், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோ அளவில் 7, கயோலினைட்டின் கடினம் 2 முதல் 2.5. கொதிகலன் குழாய்களையும் அரைவை உருளைகளையும் தேய்ப்பது குவார்ட்ஸ்தான். ஒரே சாம்பல் அளவுள்ள இரு கரிகளில் குழாய்த் தேய்மானம் வெவ்வேறாக இருப்பதன் காரணம் பல வேளை இதுவே. அதைச் சாம்பல் சீட்டு சொல்லாது.

களிமத்தின் தொல்லை அடர்த்தியோடு முடிவதில்லை. நீரில் அதன் தகடுகள் எதிர்மின் சுமை ஏற்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்தச் சுமையை அடக்குவதால்தான் நீர் தெளிகிறது. அடர் ஊடகத்தில் களிமம் கூடினால் ஊடகம் குழம்பாகக் கெட்டிப்பட்டு, சிறு துண்டுகள் ஏறவும் இறங்கவும் முடியாமல் தவிக்கின்றன. எண்ணெய் பூசிய கரித்துகளைக் காற்றுக் குமிழில் ஒட்டவைத்து மேலேற்றி நுண்தூளைக் கழுவும் நுரை மிதப்பு முறையிலோ, களிமம் கரித்துகளின்மேல் சேற்றுப் பூச்சாக ஒட்டிக்கொண்டு எண்ணெயும் குமிழும் அதைப் பற்றவிடாமல் தடுக்கிறது. நுரைக்கிடையே நீரோடு ஏறிவந்து சுத்தக் கரியிலும் கலந்துகொள்கிறது.

மதுரை வட்டாரத்தாருக்கு இதை விளக்க ஓர் அண்மைச் சான்று உண்டு. சிவகங்கைக்கருகே தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுக்கும் கிராஃபைட் தாதுவில் கார்பன் சராசரியாக 14 விழுக்காடுதான். மிச்சம் அனைத்தும் பாறை. அதை அரைத்து நுரை மிதப்பில் 96 விழுக்காடு வரை உயர்த்துகிறார்கள். நம் கரியில் எரியும் பகுதி பாதிக்கும் மேல் இருந்தும், அதை 80-க்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. சிவகங்கையில் கிராஃபைட் தனித்தனிச் செதிலாகப் பாறைமணிகளுக்கு இடையே அமர்ந்திருக்கிறது, அரைத்தால் எல்லைக்கோட்டிலேயே பிரிகிறது. தால்சேரில் அப்படி ஓர் எல்லைக்கோடே இல்லை.

களத்தில் கிடைத்த சாட்சி

இனி அந்த இரண்டாவது மாதிரி. இரண்டு தூள்களிலும் இருந்த களிமத்தைத் தனியே பிரித்து படிக அடுக்குகளின் இடைவெளியை வைத்துக் கனிமத்தை அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவுச் சோதனைக்கு அனுப்பினோம். லாரித் தூளில் கயோலினைட்டுக்குரிய 0.7 நானோமீட்டர் அடுக்கு இடைவெளி துலங்கியது. கோண்டுவானாக் கரியில் அதுதான் முறை. களத்துத் தூளில் அதோடு கூட, களிம அடுக்குகளுக்குள் புகும் கிளைகால் என்ற திரவத்தின் ஆவியில் வைத்ததும் 1.7 நானோமீட்டராக உப்பிய இன்னொரு களிமமும் தென்பட்டது. அது மான்ட்மொரில்லோனைட். திருமங்கலம், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணை மழையில் பசையாக உப்பவும் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கவும் வைக்கும் அதே கனிமம். கரிக்களத்துக்குத் தளம் போடப்படவில்லை. அள்ளும் இயந்திரம் ஒவ்வொரு வாளியிலும் கரியோடு நிலத்தையும் சுரண்டிக்கொண்டிருந்தது.

ஆக, மழையில் வழிந்தோடிய சேற்றில் ஒரு பங்கு நிலக்கரியின் சேறே அன்று. தொட்டி நீர் தெளியாமல் நின்றதற்கும் பெருங்காரணம் இதுவே. கயோலினைட் நேரம் கொடுத்தால் மெல்லப் படியும், மான்ட்மொரில்லோனைட் நீரை உறிஞ்சிக் கூழாகித் தொங்கிக்கொண்டே இருக்கும். ஆலை, கழுவ முடியாத சாம்பலைக் கழுவ முயன்றுகொண்டே, தன் களத்திலிருந்து புதுச் சாம்பலைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

இன்னொரு புகாரும் இடையில் தெளிவாயிற்று. கொதிகலன் தட்டில் சாம்பல் இளகி இறுகிக் கிட்டம் கட்டுவதற்குச் சாம்பல் மிகுந்த ஒடிசாக் கரியே காரணம் என்று ஆலையில் எல்லாரும் நம்பினார்கள். பதிவேட்டைப் பார்த்தபோது கிட்டம் கூடியது இந்தோனேசியக் கரி ஓடிய நாள்களில். கயோலினைட்டும் குவார்ட்ஸும் மிகுந்த சாம்பல் எளிதில் உருகாது; இரும்பும் கால்சியமும் சோடியமும் கூடிய சாம்பல், அளவில் குறைந்ததாயினும், தாழ்ந்த வெப்பத்திலேயே இளகி ஒட்டும். இந்தோனேசியக் கரி போன்ற இளம் கரிகளில் கால்சியம், சோடியம் ஆகியவற்றில் ஒரு பகுதி கனிமமாகவே இருப்பதில்லை. கரிமப் பொருளின் அமிலத் தொகுதிகளோடு பிணைந்திருக்கும். அடர்த்தியை வைத்துப் பிரிக்கும் எந்த முறைக்கும் அது அகப்படாது.

என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது

சாம்பலைப் பாதியாக்கும் கழுவுகூடம் இந்த ஆலைக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தோம். நீர்த் தட்டுப்பாடு ஒரு காரணம். வைகையை நம்பியிருக்கும் மாவட்டத்தில் தெளியாத நீரைத் திரும்பப் பயன்படுத்த முடியாத கூடம் நிலைக்காது. வெப்பக் கணக்கு அதைவிட வலுவான காரணம். எரியும் பகுதிக்குக் கிலோவுக்கு 7000 கிலோகலோரி என்று கொண்டால், ஒரு விழுக்காடு சாம்பல் குறைவதால் கிலோவுக்கு 70 கிலோகலோரி கூடும். ஒரு விழுக்காடு ஈரம் கூடினால் அதே 70-ம், நீரை ஆவியாக்கும் 6-ம் சேர்ந்து 76 குறையும். நுண்ணியதாக உடைத்துக் கழுவிய தூள் ஐந்து விழுக்காடு சாம்பலை விட்டுவிட்டு ஐந்து விழுக்காடு ஈரத்தோடு திரும்பினால், அத்தனை உழைப்புக்கும் பின் நட்டமே மிஞ்சும்.

ஆனால் 1.8-ஐ ஒட்டிய அடர்த்தியில் நிலைமை வேறு. அங்கே அடர்த்தியண்மைப் பொருள் குறைவு; அமிழ்வது பெரும்பாலும் வெறும் களிப்பாறை. அனல்மின் நிலையங்களுக்காகச் சுரங்கப் பகுதிகளில் கரி கழுவப்படும்போது இந்த உயர் அடர்த்தி வெட்டையே பெரிதும் நாடுகிறார்கள். சுரங்கவாயிலிலிருந்து 1000 கி.மீ.க்கு அப்பாலுள்ள மின்நிலையங்கள் 34 விழுக்காட்டுக்கு மேல் சாம்பலுள்ள கரியை எரிக்கக்கூடாது என்று 1997-இல் நடுவண் அரசு விதித்து, 2014-இல் அந்தத் தொலைவைப் படிப்படியாக 500 கி.மீ.க்குக் குறைத்து, 2020 மே மாதத்தில் அந்தக் கட்டுப்பாட்டையே விலக்கிக்கொண்டது. 34 என்ற இலக்கு, கல்லை மட்டும் விலக்கினாலே பல கரிகள் எட்டக்கூடியது. இந்த ஆலை விரும்பிய 20 என்றால் அந்த வழியில் எட்டாது.

ஆலை அளவில் இதற்கு இயந்திரம்கூட வேண்டியதில்லை. 50 மி.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளில் களிப்பாறைத் துண்டுகளைக் கையால் பொறுக்கி நீக்க இருவரை அமர்த்துவதும், அந்தக் கொதிகலன் பணியாளரையே அவர்களுக்குக் கனம் பார்க்கப் பழக்கச் சொல்வதும், 3 மி.மீ.க்குக் கீழான தூளை உலர்நிலையிலேயே சலித்துத் தனியாக்குவதும் போதும். சலித்த தூளைச் செங்கல் சூளைக்காரர்களுக்குத் தரலாம். மண்ணோடு பிசைந்து அறுக்கும் கல்லில் களிமம் குற்றமாகாது. களத்துக்குச் சிமென்ட் தளமும், மழைநீர் வெளியேற ஓரக் கால்வாயும், கூரையும் போட வேண்டும் என்பது முதல் பரிந்துரையாக இருந்தது. நிர்வாகம் தளத்தை உடனே ஒப்புக்கொண்டது. கூரையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியது.

கொள்முதலில் ஒரு மாற்றத்தையும் வற்புறுத்தினோம். விற்பவரிடம் சாம்பல் விழுக்காட்டை மட்டும் கேட்டு விலை பேசுவதை விட்டு, 1.5-இலும் 1.8-இலும் மிதக்கும் எடை எவ்வளவு, ஒவ்வொன்றின் சாம்பல் எவ்வளவு, சாம்பல் உருகும் வெப்பம் எவ்வளவு என்ற விவரங்களையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னோம். வணிகர் முதலில் அப்படி யாரும் கேட்பதில்லை என்றார். சோதனைச் செலவை ஆலையும் அவரும் பாதிப் பாதியாக ஏற்பது என்று பேசி முடித்தபின், அடுத்த லாரிகளுக்கு அவரே மாதிரி எடுத்து அனுப்பத் தொடங்கினார்.